வலிப்பு நோய் என்று சொல்லிவிட்டார்கள், இனி என்ன செய்வது?

வலிப்பு வந்த வீட்டில் முதல் ஒரு வாரத்துக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா கையில் இரும்பைக் கொடுக்கச் சொல்வார். மாமா ஒருவர் மந்திரிக்கும் கட்டாடியாரைக் கூட்டிவருகிறேன் என்பார். இன்னொருவர் கொழும்புக்குக் கொண்டுபோனால்தான் சரிவரும் என்று அடித்துச் சொல்வார். நோயாளியைத் தவிர எல்லோரும் பேசிக்கொண்டிருப்பார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அப்படியொரு வாரத்தில் சிக்கியிருக்கும் குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு செய்தி. உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்றும் அது சொல்கிறது. அந்தச் சிகிச்சை பெரும்பாலும் மலிவான குளிசைகள்தான். ஆகவே காணியை ஈடுவைப்பது பற்றிய பேச்சை இப்போதைக்கு ஒத்திவையுங்கள்.

வலிப்பு வரும்போது

மூளையின் நரம்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று சிறு மின்துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. அவற்றில் ஒரு கூட்டம் கட்டுப்பாடின்றி ஒரே நேரத்தில் துடிக்கத் தொடங்கினால் வலிப்பு வருகிறது. அது பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். வெளியிலிருந்து நாம் அதை நிறுத்த முடியாது, நிறுத்த வேண்டியதுமில்லை. அந்த நேரத்தில் அவருக்குக் காயம்படாமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை.

முதலில் மணியைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். அருகில் இருக்கும் கதிரை, கத்தி, அடுப்பு எல்லாவற்றையும் விலக்குங்கள். தலைக்குக் கீழே மடித்த சாரமோ துவாயோ வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். இழுப்பு தணிந்ததும் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாயிலுள்ள எச்சிலும் நுரையும் வெளியே வடிந்துவிடும். நினைவு முழுதாகத் திரும்பும்வரை பக்கத்தில் இருங்கள். எழுந்தவுடன் ஆளை அடையாளம் தெரியாமல் திணறுவார், சிலர் எரிந்து விழுவார்கள், பலர் நித்திரையாகிவிடுவார்கள். எல்லாம் இயல்புதான்.

செய்யக்கூடாதவற்றில் முதலாவது, வாய்க்குள் எதையும் திணிப்பது. பல் கிட்டிப்போய்விட்டதே, நாக்கைக் கடித்துவிடுவாரே என்று கரண்டியைப் போடுகிறார்கள். கடிபட்ட நாக்கு சில நாட்களில் ஆறிவிடும். உடைந்த பல் தொண்டைக்குள் போனால் அது வேறு கதை. கை கால்களை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். முழு நினைவு வருமுன் தண்ணீரோ குளிசையோ கொடுக்கக் கூடாது. இரும்புச் சாவிக்கு இந்த விஷயத்தில் ஒரு சக்தியும் இல்லை. சாவியைக் கொடுத்தோம், உடனே நின்றுவிட்டது என்பார்கள், கொடுக்காவிட்டாலும் நின்றிருக்கும்.

வலிப்பு 5 நிமிடங்களைத் தாண்டினால், அல்லது ஒன்று முடிந்து நினைவு வருமுன் அடுத்தது தொடங்கினால், 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். வாழ்நாளில் முதல் தடவையாக வரும் வலிப்பு, கர்ப்பிணிக்கு வரும் வலிப்பு, நீரிழிவு உள்ளவருக்கு வரும் வலிப்பு, தலையில் அடிபட்டவருக்கு வரும் வலிப்பு, தண்ணீருக்குள் வந்த வலிப்பு ஆகியவற்றுக்கு 5 நிமிடம் காத்திருக்க வேண்டாம். அழைக்கும்போது ஊர் பெயரோடு பக்கத்திலுள்ள கோயில், பள்ளிவாசல், பாடசாலை ஒன்றின் பெயரையும் சொல்லுங்கள். படுவான்கரைப் பக்கத்து வயல் வீடுகளைத் தேடிப் பிடிப்பது சாரதிக்கு எளிதல்ல. வீதிச் சந்திக்கு ஒருவரை அனுப்பிவைப்பது நல்லது.

எங்கே போவது

எங்கள் பக்கத்து மந்திரத்துக்குப் பெரிய பெயர் இருக்கிறது. மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று மற்ற ஊரார் பகிடி பண்ணுவார்கள். நூல் கட்டுவதையோ ஓதிப் பார்ப்பதையோ நான் தடுக்கப்போவதில்லை. வீட்டாரின் மனம் ஆறுமென்றால் நடக்கட்டும். குளிசையை நிறுத்தச் சொன்னாலோ, நோயாளியைப் புகைக்குள் உட்காரவைத்தாலோ, அடித்தாலோ, பட்டினி போட்டாலோ அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் வலிப்புக்குப் பின் போக வேண்டிய இடம் பக்கத்திலுள்ள ஆதார வைத்தியசாலை. வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோரம் நெடுக இருக்கின்றன. தேவைப்பட்டால் அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறைப் பொது வைத்தியசாலைக்கோ கடிதம் தருவார்கள். நரம்பியல் நிபுணரைத் தனியாரிடம் காசு கட்டியும் பார்க்கலாம். ஆனால் இது வருடக்கணக்கில் மருந்து எடுக்கும் நோய். மாதாமாதம் இலவசமாக மருந்து தரும் அரச கிளினிக்கில் பெயரைப் பதிந்துகொள்வதே நின்று பிடிக்கும் வழி.

ஒரு தடவை வலிப்பு வந்தவர் எல்லோரும் வலிப்பு நோயாளி ஆகிவிடுவதில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்குக் கடும் காய்ச்சலில் இழுப்பு வருவது வேறு. அவர்களில் பெரும்பாலானோருக்கு வளர்ந்ததும் அது நின்றுவிடும். சீனி குறைந்தாலும், பல நாள் கசிப்புக் குடித்தவர் சடுதியாக நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். வெளிப்படையான தூண்டுதல் இல்லாமல், ஒரு நாளுக்கு மேற்பட்ட இடைவெளியில், இரண்டு தடவை வந்தால் வலிப்பு நோய் என்பது வழமையான வரையறை. பிறக்கும்போது மூச்சுத்திணறல், தலைக்காயம், மூளைக்காய்ச்சல், பாரிசவாதம் என்று காரணங்கள் பல. போர்க்காலத்துத் தலைக்காயத்தின் மிச்சமாகவும், தலைக்கவசமில்லாமல் மோட்டார் சைக்கிளில் விழுந்ததன் மிச்சமாகவும் இது வரக்கூடும். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணமே தெரியவராது. அதைக் கேட்டதும் "அப்படியென்றால் செய்வினைதானே" என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொன்னால் முதல் நாள் தலையை நன்றாகக் கழுவிவிட்டு எண்ணெய் வைக்காமல் போங்கள். எண்ணெய்த் தலையில் கம்பி முனைகள் ஒட்டாது. அது வலிக்காத பரிசோதனை. மூளையில் ஓடும் மின்சாரத்தைப் பதிவுசெய்கிறதே தவிர, மின்சாரம் பாய்ச்சுவதில்லை. அறிக்கை வழமையாக வந்தாலும் நோய் இல்லை என்று பொருளல்ல, ஏனென்றால் பதிவான அந்த அரை மணி நேரம் மூளை அமைதியாக இருந்திருக்கலாம்.

ஒரு கொப்பி வாங்குங்கள்

வைத்தியர் வலிப்பைப் பார்ப்பதில்லை, நாம்தான் பார்க்கிறோம். நோயைக் கண்டுபிடிப்பதில் ஸ்கேனை விடப் பெரிய சாட்சி நேரில் கண்டவரின் வாய்மொழிதான். கிளினிக்கில் நடக்கும் உரையாடலோ பெரும்பாலும் இப்படி இருக்கிறது:

"கடைசியாக எப்போது வந்தது, அம்மா?"

"போன மாதம் போல, டொக்டர்."

"எவ்வளவு நேரம் இழுத்தது?"

"கன நேரம், டொக்டர்."

இந்தப் பதிலை வைத்து அவரால் மருந்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. வெளியே இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

ஆகவே நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து, கிளினிக் கொப்பியோடு சேர்த்து ஒரே பையில் வையுங்கள். ஒவ்வொரு தடவையும் திகதி, நேரம், எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். முந்திய இரவு நித்திரை எப்படி, குளிசை தவறியதா, காய்ச்சல் இருந்ததா, பெண்ணென்றால் மாதவிடாய் நாட்களா என்பதையும் எழுதுங்கள். எந்தப் பக்கத்துக் கை முதலில் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, வருமுன் வயிற்றில் ஏதோ எழும்பியது போலவோ இல்லாத மணம் மணத்தது போலவோ சொன்னாரா என்பவை சின்ன விஷயங்களாகத் தெரியும். மூளையின் எந்த மூலையில் தொடங்குகிறது என்பதை அவைதான் காட்டிக்கொடுக்கும். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் நோயாளியைக் கவனிக்க, மற்றவர் கைபேசியில் படம் எடுக்கட்டும். அது வைத்தியருக்கு மட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது.

எல்லா வலிப்பும் விழுந்து இழுப்பதல்ல. பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே பத்து வினாடி வெறித்துப் பார்த்து, பின் ஒன்றும் நடக்காததுபோல் தொடர்வதும் ஒருவகை வலிப்பு. ஒரு நாளில் பல தடவை வரும். வகுப்பில் அது "பிராக்குப் பார்க்கிறான்" என்ற பட்டத்தைத்தான் வாங்கித்தரும். பெரியவர் ஒருவர் திடீரென்று வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் நிற்பதும் அப்படியே. இவற்றையும் கொப்பியில் எழுதுங்கள்.

குளிசை

வலிப்பு அடிக்கடி வருவதற்கு நான் கண்ட முதல் காரணம் குளிசையைத் தவறவிடுவதுதான். மூன்று மாதம் வலிப்பு வராவிட்டால் சுகமாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். குளிசை போடுவதால்தான் வராமல் இருந்தது. சடுதியாக நிறுத்தினால் பழையதைவிடக் கடுமையாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்து உயிருக்கே ஆபத்தாக முடியும்.

சோடியம் வல்புரோவேற், காபமசெபின், பினோபாபிற்றோன், பெனிற்றொயின், லெவெற்றிரசெற்றம், லமோட்ரிஜின் என்பவை அடிக்கடி எழுதப்படும் பெயர்கள். இவற்றில் பினோபாபிற்றோன் 1912 முதல் வலிப்புக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. பழைய மருந்து என்பதால் மட்டமான மருந்தல்ல. எது யாருக்கு என்பதை வலிப்பின் வகை, வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்து வைத்தியர் தீர்மானிப்பார். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரிவந்த குளிசை உங்கள் மகனுக்குக் கூடாமல் போகலாம்.

மருந்தகத்தில் குளிசைகளை எண்ணிக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். உறையின் மேல் எழுதியிருப்பது அங்கேயே விளங்காவிட்டால் அங்கேயே கேளுங்கள். வல்புரோவேற் குளிசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போகும். போடும் நேரம் வரை அதன் தகட்டிலிருந்து பிரிக்காதீர்கள். மார்கழி மழையில் சுவரே வியர்க்கும் எங்கள் வீடுகளில் இது சின்ன விஷயமல்ல. நிறமோ வடிவமோ மாறியிருந்தால் கம்பனி மாறியதா மருந்தே மாறியதா என்று விசாரித்த பிறகே போடுங்கள்.

நேரம் தவறினால் நினைவு வந்தவுடன் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் தவறியதை விட்டுவிடுங்கள், இரட்டிப்பாகப் போட வேண்டாம். புதிய குளிசை தொடங்கிய முதல் சில வாரங்களில் உடம்பில் தடிப்புப் போட்டாலோ, வாய் புண்ணானாலோ, கண் சிவந்தாலோ அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். காபமசெபின், பெனிற்றொயின், லமோட்ரிஜின் ஆகியவற்றில் அரிதாக இது ஆபத்தான தோல் நோயாக மாறும். வேறு நோய்க்கு மருந்து வாங்கும்போதும் வலிப்புக் குளிசை போடுவதைச் சொல்ல வேண்டும். ட்ரமடோல் என்ற வலி நிவாரணி வலிப்பைத் தூண்டக்கூடியது. சில அன்ரிபயோற்றிக்குகள் காபமசெபினின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும்.

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எத்தனையோ வீடுகள் தவித்தன. ஐப்பசி முதல் தை வரை வெள்ளம் வந்தால் பாதைகளும் அடைபடும். இரண்டு கிழமைக்காவது போதுமான குளிசையைத் தண்ணீர் புகாத டப்பாவில் மிச்சமாக வைத்திருங்கள். வெள்ளத்தில் இடம்பெயர நேர்ந்தால் அடையாள அட்டையோடு அந்த டப்பாவும் கிளினிக் கொப்பியும் கையோடு வர வேண்டும்.

தண்ணீர், நெருப்பு, வீதி

எங்கள் மாவட்டங்களில் வலிப்பு உள்ளவரின் உயிருக்கு முதல் எதிரி தண்ணீர். ஒரு பக்கம் கடல், நடுவில் வாவி, மறுபக்கம் குளமும் வாய்க்காலும், வளவுக்குள்ளேயே கிணறு. வலிப்பு வந்தவர் முழங்கால் அளவு தண்ணீரிலும் மூழ்கிவிடுவார். கூப்பிடவும் மாட்டார்.

கிணற்றுக் கட்டு இடுப்பளவாவது இருக்கட்டும், அல்லது மேலே கம்பி வலை போடுங்கள். தண்ணீர் அள்ளும் வேலை மற்றவர்களுடையது; வாளியில் நிரப்பிய தண்ணீரைத் தள்ளி உட்கார்ந்து அள்ளிக் குளிக்கட்டும். குளியலறைக் கதவைச் சாத்தலாம், கொண்டி போட வேண்டாம். பாசிக்குடாவில் கடல் ஆழமில்லை என்பது உண்மைதான், ஆனால் தனியாக இறங்க அது போதிய காரணமல்ல. நீந்தத் தெரிந்த, விஷயம் அறிந்த ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் இறங்கலாம். தண்ணீருக்குள் வந்துவிட்டால் முகத்தை மேலே தூக்கிப் பிடியுங்கள், இழுப்பு அடங்கியதும் கரைக்குக் கொண்டுவாருங்கள், எழுந்து நடந்தாலும் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள்.

மீன்பிடிக் குடும்பத்துக்கு இதைச் சொல்வது எளிதல்ல. இரவில் தனியே தோணியில் போய் வலை போட்டவரிடம் போகாதே என்றால் அடுப்பு எரியாது. வலிப்பு கட்டுக்குள் வரும்வரை கரை வேலையை, வலை பின்னுவதையோ மீன் நிறுப்பதையோ, கூட்டாளியோடு பேசி ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். போயே ஆக வேண்டுமென்றால் துணையும் உயிர்காப்பு அங்கியும் இல்லாமல் போகக் கூடாது.

அடுப்படியில் சமைப்பதை நிறுத்த வேண்டியதில்லை. சோற்றுப் பானையைத் தூக்கிக் கஞ்சி வடிப்பதை வேறொருவர் செய்யட்டும். கொதிக்கும் கறிச்சட்டியைச் சுமந்து போகாமல் கோப்பையை அடுப்படிக்குக் கொண்டுவந்து போடலாம். தரையில் மூட்டிய விறகடுப்பை விட, உயர்த்திக் கட்டிய அடுப்பு பாதுகாப்பானது. படுக்கைக்குப் பாயே மேல், கட்டிலிலிருந்து விழும் பயமில்லை.

மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி, உழவு இயந்திரம், அறுவடை இயந்திரம் எதையும் வைத்தியர் சம்மதிக்கும்வரை ஓட்டக் கூடாது. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான மருத்துவச் சான்றிதழில் நோயை மறைத்து வாங்கிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். காத்தான்குடிப் பிரதான வீதியில் பாடசாலை விடும் நேரத்துக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

நித்திரையும் திருவிழாவும் நோன்பும்

நித்திரை கெட்டால் வலிப்பு வரும். குளிசை தவறுவதற்கு அடுத்த பெரிய தூண்டுதல் இதுதான். விடிய விடிய ஆடும் வடமோடிக் கூத்து, வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, கல்யாண வீட்டு இரவுச் சமையல் எல்லாம் எங்கள் வாழ்க்கையின் பகுதி. எதற்கும் போகாதே என்று ஒருவரை வீட்டில் பூட்டிவைப்பதை நான் ஏற்கவில்லை. இரவுக் குளிசையைப் போட்டுவிட்டு, வரவு ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, பதினொரு மணிக்குள் வந்து படுக்கட்டும். களரியில் மத்தளம் அடிப்பவர் அவரே என்றால் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியதுதான்.

உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதயாத்திரை இதை விடக் கடினம். காட்டுக்குள் வெயில், நித்திரைக் குறைவு, பக்கத்தில் வைத்தியசாலை இல்லை. கடந்த ஒரு வருடமாக வலிப்பே வரவில்லையென்றால் வைத்தியரிடம் கேட்டுப் போகலாம். இல்லையென்றால் பஸ்ஸில் போனாலும் முருகன் கோபிக்கமாட்டான்.

நோன்பு காலத்தில் பகல் குளிசையைத் தானாகவே கைவிடுபவர்கள் உண்டு. நோன்பு வருவதற்கு ஒரு மாதமாவது முன்பே கிளினிக்கில் சொன்னால், ஸஹருக்கும் இப்தாருக்கும் பொருந்துவதுபோல் மருந்தை மாற்றி எழுத முடியுமா என்று பார்ப்பார்கள். சிலருக்கு முடியும், சிலருக்கு முடியாது. முடியாதவருக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. மௌலவியிடம் கேட்டால் அதைத்தான் சொல்வார்.

பாடசாலை, கல்யாணம், கர்ப்பம்

வகுப்பாசிரியரிடம் மறைக்காதீர்கள். வலிப்பு வந்தால் என்ன செய்வது, யாருக்கு அழைப்பது என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பக்கத்து வாங்குப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும். வலிப்பு தொற்றாது, நுரை பட்டாலும் தொற்றாது என்பதைப் பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் ஏற்றுக்கொள்வார்கள். இந்நோய் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு அறிவுத்திறனில் குறைவில்லை. பரீட்சையிலிருந்து நிறுத்திவிட அது காரணமாகாது. ஆனால் பிள்ளை எப்போதும் வாடிப்போய், யாரோடும் பேசாமல் இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு இந்நோயோடு அடிக்கடி சேர்ந்து வருகிறது, அதற்கும் சிகிச்சை உண்டு.

கல்யாணப் பேச்சில் மறைப்பதுதான் எனக்குப் பெருங்கவலை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெரும்பாலும் பெண் வீட்டுக்கு வருகிறார். வந்த வீட்டில் மனைவிக்கும் மாமிக்கும் தெரியாமல் குளிசை போட இடமில்லாமல், சேர்ட்டுப் பைக்குள் ஒளித்து, பிறகு போடாமலே விட்டு, கடைசியில் கல்யாணமாகிய முதல் மாதத்திலேயே எல்லோர் முன்னும் விழுவார். முன்கூட்டியே சொன்னால் சில சம்பந்தங்கள் தட்டிப்போகும், அது உண்மைதான். சொல்லிக் கட்டியவர்கள் வீட்டிலோ மனைவியே நேரத்துக்குக் குளிசையை எடுத்து நீட்டுகிறாள்.

பெண்களுக்கு இன்னொரு முக்கியமான விஷயம். சோடியம் வல்புரோவேற் கருவிலுள்ள குழந்தையின் முள்ளந்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. கல்யாணம் பேசத் தொடங்கும்போதே, கருத்தரிக்குமுன், கிளினிக்கில் சொல்லி மருந்தை மாற்றலாமா என்று கேளுங்கள். ஃபோலிக் அமிலக் குளிசையும் அப்போதே தொடங்குவார்கள். கருத்தரித்தது தெரிந்ததும் பயந்துபோய்க் குளிசையை நிறுத்திவிடுவது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. காபமசெபின், பெனிற்றொயின், பினோபாபிற்றோன் போடுபவர்களுக்குக் கர்ப்பத்தடைக் குளிசையின் பலன் குறையும் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி வேறு முறை கேட்க வேண்டும். இந்நோய் உள்ள பெண்களில் பெரும்பாலானோர் சுகமாகவே பிள்ளை பெறுகிறார்கள், பாலும் கொடுக்கிறார்கள். பால் கொடுக்கும்போது பாயில் உட்கார்ந்து கொடுக்கட்டும், குழந்தையைத் தனியே குளிப்பாட்ட வேண்டாம்.

எப்போது நிறுத்தலாம்

இரண்டு வருடமாவது ஒரு வலிப்பும் வராமல் இருந்தால் குறைப்பது பற்றி வைத்தியரோடு பேசலாம். அவர் சம்மதித்தாலும் ஒரே நாளில் நிறுத்தமாட்டார். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் போட்டும் அடங்காவிட்டால் சத்திரசிகிச்சை உட்பட வேறு வழிகள் உண்டா என்று நரம்பியல் நிபுணரிடம் கேளுங்கள். கொழும்புப் பயணம் தேவைப்படுமென்றால் அந்தக் கட்டத்தில்தான். அப்போது கிளினிக் கொப்பியோடு, நீங்கள் எழுதிவந்த நாற்பது பக்கக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.